லிவா மணலில் இரண்டு இரவு: பைக்குக்கு ஒரு நேரம், வண்டிக்கு ஒரு நேரம்

ஷார்ஜாவில் இருக்கும் ஒரு தம்பி கேட்டிருந்தார்: "மூன்று குடும்பம், ஏழு பெரியவர்கள், மூன்று பிள்ளைகள். ஒரு பிராடோ, ஒரு ஃபார்ச்சூனர், ஒரு பஜேரோ. வாடகைக்கு இரண்டு டர்ட் பைக் எடுத்து டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு ஜனவரியில் லிவாவில் இரண்டு இரவு தங்கலாம் என்று திட்டம். யாருக்கும் மணலில் ஓட்டிப் பழக்கமில்லை. என்னென்ன வாங்க வேண்டும்?"

தம்பி, போங்கள். அபுதாபியின் தெற்கே பெரிய மணல் மேடுகள் நிறைந்த லிவா, கண்டிப்பாகப் போகவேண்டிய இடம். ஆனால் வாங்கவேண்டிய சாமான்களைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் இரண்டு விஷயம் சொல்லிவிடுகிறேன். முதலாவது, லிவாவை முதல் மணலாக வைத்துக்கொள்ளாதீர்கள். இரண்டாவது, பைக்கும் வண்டியும் ஒரே நேரத்தில் ஒரே மேட்டில் ஓடக்கூடாது. இந்த இரண்டையும் ஏற்றுக்கொண்டால் மற்றதெல்லாம் கடையில் கிடைக்கும்.

இரண்டாவதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. பல வருடங்களுக்கு முன்னால் லிவாவுக்குத் தெற்கே நாங்கள் இப்படித்தான் கலந்து ஓட்டிக்கொண்டிருந்தோம். நான் ஒரு மேட்டின் உச்சியைத் தாண்டி இறங்கும்போது அடிவாரத்தில் வண்டி புதைந்துவிட்டது. இறங்கி மண்வெட்டியை எடுத்தேன். அந்தப் பக்கமிருந்து பைக் சத்தம் கேட்டது. உச்சிக்கு ஓடிப்போய்க் கையைக் காட்டலாம் என்று பாதி தூரம் ஏறியிருப்பேன். அதற்குள் நண்பர் மேலே வந்துவிட்டார். கீழே வண்டி நிற்பதை அவர் பார்த்தது காற்றில் இருக்கும்போதுதான். பைக்கைத் திருப்பி விழுந்தார். காறை எலும்பு முறிந்தது. நாங்கள் இருந்த இடத்திலிருந்து தார்ச்சாலைக்கு 14 கிலோமீட்டர். உடைந்த எலும்போடு ஒருவரை மணல் மேடுகளின் மேல் ஏற்றி இறக்கிக் கொண்டுவர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஒவ்வொரு குலுக்கலிலும் அவர் எழுப்பிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அவர் வேகமாகவும் வரவில்லை, நான் கவனமில்லாமலும் ஓட்டவில்லை. ஒரே மேட்டில் இருவரும் இருந்தோம், அதுதான் தப்பு.

மணல் மேடு எப்படி உருவாகிறது என்று தெரிந்தால் இது ஏன் நடக்கிறது என்பது புரியும். இங்கே பெரிய காற்று வடமேற்கிலிருந்து வரும் ஷமால். காற்று ஏறி வரும் பக்கம் மணல் அடித்து இறுகிச் சரிவு சாய்வாக, 10, 15 டிகிரிக்குள் இருக்கும். உச்சியைத் தாண்டிய மணல் மறுபக்கம் கொட்டிக் கிடக்கும். உலர்ந்த மணல் தன்னால் நிற்கக்கூடிய சரிவு ஏறக்குறைய 33 டிகிரி. அதற்கு மேல் போனால் சரிந்துவிடும். அதனால் ஏறும் பக்கம் சாலை மாதிரி இருக்கும், இறங்கும் பக்கம் சுவர் மாதிரி இருக்கும். ஏறுகிறவருக்கு உச்சிவரை தெரிவது வானம் மட்டும்தான். மேட்டுக்கு அந்தப்பக்கம் குழி இருக்கிறதா, வண்டி நிற்கிறதா, பிள்ளைகள் சறுக்கி விளையாடுகிறார்களா, எதுவும் தெரியாது.

எங்கள் பக்கத்தில் இதைத் தேரி என்போம். சாத்தான்குளம், திருச்செந்தூர்ப் பக்கத்துச் செம்மணல் தேரியில் சின்ன வயதில் ஓடித் திரிந்தவன் நான். அல் பதாயரில் முதன்முதலில் அந்தச் சிவந்த மணலைப் பார்த்தபோது ஊருக்கு வந்ததுபோல் இருந்தது. ஆனால் தேரியில் நடந்து பழகிய கால் வேறு, லிவாவில் இரண்டு டன் வண்டியை ஓட்டும் கால் வேறு.

அந்த அல் பதாயர்தான் உங்களுக்கு முதல் பள்ளிக்கூடம். துபாயிலிருந்து ஹத்தா போகும் சாலையில் இருக்கிறது, உங்களுக்கு ஒரு மணி நேரம். எல்லாரும் 'பிக் ரெட்' என்று சொல்லும் பெரிய மேடு அங்கேதான். அந்த மேட்டைத் தொடாதீர்கள். பக்கத்தில் இடுப்பளவு, ஆளுயர அளவு மேடுகள் நிறைய உண்டு. விடியற்காலையில் போய்விடுங்கள். ஒன்பது, பத்து மணிக்கு மேல் பைக்குகளும் 'பக்கி' என்னும் திறந்த மணல் வண்டிகளும் குவிந்துவிடும். தெரிந்த ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள். அங்கே இரண்டு காலை நேரம் செலவழித்து, மூன்று ஓட்டுநர்களும் வேண்டுமென்றே வண்டியைப் புதைத்து வெளியே எடுத்துப் பழகிய பிறகு லிவா தேதியைக் குறியுங்கள்.

பழகவேண்டியதில் முதலிடம் டயர் காற்றுக்கு. சாலையில் 35 psi வைத்திருப்பீர்கள். மணலில் இறங்கும் முன் 15க்குக் கொண்டுவாருங்கள். காற்றைக் குறைத்தால் டயர் அகலமாவதைவிட நீளமாகத் தரையில் படியும். பாரம் பரவும், வண்டி மணலைத் தோண்டாமல் மேலே மிதந்து போகும். லிவா மணல் மிகவும் மென்மையாக இருந்தால் 12 வரை இறங்கலாம். சாதாரண ரிம்மில் 10க்குக் கீழே போய்விட்டு வளைத்துத் திருப்பினால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். புதைந்த நிலையில் வெளியே வர மட்டும் 8 அல்லது 10 வைத்து, நேராக, மெதுவாக வெளியேறி, உடனே மறுபடி ஏற்றிக்கொள்ளுங்கள். ஓட ஓட டயர் சூடாகிக் காற்றழுத்தம் கூடும். ஆகவே கால்மணி நேரம் ஓட்டிய பிறகு நிறுத்தி இன்னொரு முறை அளந்து பாருங்கள். காற்று ஏற்ற ஒரு நல்ல கம்ப்ரஸர், அழுத்தம் அளக்க ஒரு நல்ல கேஜ், இரண்டும் குழுவுக்கு இரண்டு செட் வேண்டும். மலிவான கம்ப்ரஸர் நான்காவது டயரில் சூடாகி நின்றுவிடும்.

வண்டியில் டிராக்‌ஷன் கன்ட்ரோலை அணைத்துவிடுங்கள். சக்கரம் சுழலத் தொடங்கியதும் அது இன்ஜின் பலத்தைக் குறைக்கும், உங்களுக்குப் பலம் வேண்டிய நேரமே அதுதான். மேட்டை நேராக அணுகுங்கள். வேகத்தைக் கீழேயே எடுத்துக்கொண்டு, உச்சிக்கு ஒரு வண்டி நீளம் இருக்கும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைத் தளர்த்துங்கள். வண்டி உச்சியில் கிட்டத்தட்ட நின்று, மூக்கு மட்டும் அந்தப் பக்கம் சாயவேண்டும். தளர்த்துவது சீக்கிரமானால் வயிறு உச்சியில் தட்டி நாலு சக்கரமும் அந்தரத்தில் நிற்கும். மண்வெட்டியால் சரிசெய்துவிடலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. தளர்த்துவது தாமதமானால் வண்டி பறக்கும். அதைச் சரிசெய்ய முடியாது.

ஏறமுடியாமல் பாதியில் நின்றுவிட்டால் வந்த தடத்திலேயே நேராகப் பின்னால் இறங்குங்கள். சரிவில் குறுக்கே திருப்பாதீர்கள். வண்டி உருளுவது பெரும்பாலும் அப்படித்தான். இறங்கும்போதும் நேராக, தாழ்ந்த கியரில், பிரேக் தொடாமல். பின்பக்கம் ஒருபுறமாக நழுவத் தொடங்கினால் மனசு பிரேக்கைத்தான் கேட்கும். அப்போது ஸ்டியரிங்கைச் சரிவின் கீழ்நோக்கித் திருப்பி, லேசாக ஆக்ஸிலரேட்டர் கொடுக்க வேண்டும். இதைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது, பதாயரில் ஆளுயர மேட்டில் பத்து முறை செய்து பார்க்க வேண்டும். சமதளத்தில் நிறுத்தும்போதும் பிரேக் போடாமல் உருண்டு நிற்க விடுங்கள். பிரேக் போட்டால் டயருக்கு முன்னால் ஒரு சின்ன மணல் அணை எழும்பிவிடும், கிளம்பும்போது அதுதான் தடுக்கும். எப்போதும் மூக்கு கீழ்நோக்கி இருக்கும்படி நிறுத்துங்கள்.

புதைந்துவிட்டால் முதல் வேலை ஆக்ஸிலரேட்டரை விடுவது. சக்கரம் சுழலச் சுழல வண்டி இறங்கிக்கொண்டே இருக்கும். டயருக்கு முன்னாலும் வயிற்றுக்கு அடியிலும் மணலை அள்ளுங்கள், காற்றைக் குறையுங்கள், பின்பக்கமாக எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் வந்துவிடும். வராவிட்டால்தான் கயிறு. இழுபடும்போது நீளும் வகைக் கயிறும், இழுக்கவென்றே சட்டத்தோடு பிணைத்த கொக்கியும் வேண்டும். டிரெய்லர் மாட்டும் உருண்டையில் மட்டும் கயிற்றை மாட்டவே கூடாது. அது உடைந்தால் தோட்டா மாதிரி பறந்து கண்ணாடியைத் துளைத்து உள்ளே வரும். உலகம் முழுக்க ஆட்கள் இதில் இறந்திருக்கிறார்கள். நீங்கள் டிரெய்லர் இழுத்துப் போகிறீர்கள், உருண்டை வண்டியிலேயே இருக்கும், அவசரத்தில் கை அங்கேதான் போகும். மணலில் இறங்கும் முன்னால் அதைக் கழற்றி உள்ளே வைத்துவிடுங்கள். கயிறு இழுபடும்போது மற்ற எல்லாரும் கயிற்றின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தள்ளி நிற்கவேண்டும்.

டிரெய்லர் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதை மணலுக்குள் இழுத்துப் போகாதீர்கள். சாலையோரம் உறுதியான தரையில் விட்டுவிட்டு, பைக்கை ஓட்டியே முகாமுக்குக் கொண்டுபோகலாம். அதனால் முகாம் சாலையிலிருந்து மூன்று, நான்கு கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம். அந்த நான்கு கிலோமீட்டரிலேயே உலகம் மறைந்துவிடும், கவலைப்படாதீர்கள்.

அடுத்து பைக். நம்பர் இல்லாத டர்ட் பைக்கைத் தார்ச்சாலையில் ஒரு நூறு மீட்டர்கூட ஓட்டக்கூடாது, சட்டப்படி குற்றம். வாடகைக் கடையில் எடுக்கும்போது காற்று வடிகட்டியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். நுரைப் பஞ்சு எண்ணெய் தடவி ஈரமாக இருக்க வேண்டும். லிவா மணல் மாவு மாதிரி, காய்ந்த பஞ்சு வழியாக நேராக இன்ஜினுக்குள் போய்விடும். எண்ணெய் தடவிய பஞ்சு இரண்டு கூடுதலாக ஒரு டப்பாவில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முறை ஒரு கடையில் கொடுத்த பைக்கில் பஞ்சே இல்லை, வெறும் கூடுதான் இருந்தது. பாராமல் எடுத்து வந்தது எங்கள் தவறு, முதல் நாள் மாலையே நின்றுபோனது. தலைக்கவசம் அளவாக இருக்க வேண்டும், குலுக்கினால் ஆடக்கூடாது. கண்ணாடி, மார்புக் கவசம், முழங்கால்வரை வரும் கெட்டியான பூட்ஸ் எல்லாம் கட்டாயம். ஓடும் ஷூவில் மணலில் பைக் ஓட்டினால் கணுக்கால் போய்விடும்.

பைக்குக்கு மணலில் வேகம்தான் நிலைப்பு. உடம்பைப் பின்னால் வைத்து, ஆக்ஸிலரேட்டரைத் திறந்தே வைத்திருந்தால் முன்சக்கரம் லேசாகி மிதக்கும். பயந்து மூடினால் முன்சக்கரம் குத்திக்கொள்ளும், ஹேண்டில் முறுக்கும், தூக்கிப் போடும். இந்தப் பழக்கம் வர சமதள மணலில் ஒரு மணி நேரம் போதும், அதற்குப் பிறகுதான் மேடு. பின்சக்கரம் புதைந்தால் இழுத்து மல்லுக்கட்டாதீர்கள். பைக்கைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, குழியைக் காலால் மணல் தள்ளி மூடி, நிமிர்த்தி ஓட்டிவிடலாம். தொட்டி ஏழு, எட்டு லிட்டர்தான் கொள்ளும், மணலில் வேகமாகத் தீரும். அதனால் முகாமைச் சுற்றியே ஓட்டம், எப்போதும் இருவராக.

இப்போது பைக்கும் வண்டியும் ஒரே மேட்டில் ஓடக்கூடாது என்று ஆரம்பத்தில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். காலை எட்டு முதல் பதினொன்று வரை வண்டிகளுக்கு. அப்போது பைக் இரண்டும் முகாமில் நிற்கும், சாவி ஒருவர் பையில் இருக்கும். மாலை மூன்று முதல் ஐந்து வரை பைக்குகளுக்கு. அப்போது வண்டிகள் அசையாது. நடுப்பகலில் யாருக்கும் ஓட்டம் வேண்டாம். வெயிலுக்காக மட்டும் சொல்லவில்லை. சூரியன் உயரத்தில் இருக்கும்போது மணலில் நிழல் குறைந்துவிடும், பள்ளமும் மேடும் ஒரே பரப்பாகத் தெரியும். வருடக்கணக்கில் ஓட்டியவர்களே அந்த வெளிச்சத்தில் குழிக்குள் போயிருக்கிறார்கள். பைக் ஓடும் நேரத்தில் ஒருவர் நடுமேட்டின் உச்சியில் இரண்டு பக்கமும் தெரியும்படி உட்காரவேண்டும். இரண்டு பைக்கிலும் உயரமான கம்பியில் கொடி கட்டுங்கள், மேட்டின் அந்தப் பக்கத்திலிருந்து முதலில் தெரிவது அதுதான். கலிஃபோர்னியாவின் இம்பீரியல் மணல்மேடுகளில் தரையிலிருந்து எட்டு அடி உயரத்துக்குக் கொடி இல்லாமல் ஓட்டவே விடமாட்டார்கள். வண்டிகளுக்கும் கட்டுங்கள். உங்கள் குழுவுக்குள் ஒழுங்கு இருந்தாலும் வேறு யாராவது வரலாம் அல்லவா?

முகாமுக்கு இடம் பார்க்கும்போதும் இதே கணக்குத்தான். செங்குத்துச் சரிவின் அடியில் கூடாரம் போடாதீர்கள். காற்று படாமல் அழகாக இருக்கும், ஆனால் இரவில் யாராவது மேலே இருந்து வண்டியோடு இறங்கினால் நேராகக் கூடாரத்தின் மேல்தான். மூன்று வண்டிகளையும் கூடாரங்களுக்கும் திறந்த மணலுக்கும் நடுவில் சுவர் மாதிரி நிறுத்துங்கள். மேட்டு உச்சியில் ஒரு விளக்குக் கம்பத்தை நட்டு இரவு முழுக்க எரிய விடுங்கள். பிள்ளைகள் சறுக்கி விளையாட முகாமின் மறுபக்கம் ஒரு சின்னச் சரிவைத் தேர்ந்தெடுத்து, அங்கே எந்தச் சக்கரமும் வராது என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

லிவாவில் மேடுகளுக்கு நடுவே வெள்ளை வெளேர் என்று தட்டையான தரை தெரியும். பார்க்க மைதானம் மாதிரி இருக்கும். அது சப்கா, உப்புப் படிந்த தரை. மேலே ஓடு, சில இடங்களில் அடியில் சேறு. மழை பெய்த வாரத்தில் அதன்மேல் வண்டி ஏறினால் கயிறு போட்டாலும் வராது. பழைய தடம் தெளிவாக இருந்தால் மட்டும் அதிலேயே போங்கள்.

தண்ணீர், ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஐந்து லிட்டர் என்று வைத்தால் பத்துப் பேருக்கு மூன்று நாளில் 150 லிட்டர். ஒரு நாள் கூடுதல் கையிருப்பும் சேர்த்து 200 லிட்டர், அதாவது 200 கிலோ. இதை மூன்று வண்டியிலும் பிரித்து, தரையோடு தரையாக வையுங்கள். கூரையில் ஏற்றாதீர்கள், மேலே பாரம் கூடினால் சரிவில் வண்டி கவிழ்வது சுலபம். பெட்ரோலைக் கடைசியாக, லிவாவின் முக்கிய ஊரான மெசைராவில் முழுசாக நிரப்பிக்கொள்ளுங்கள், மணலில் செலவு இரட்டிப்பாகும் என்றே கணக்கு வையுங்கள். காப்பீட்டுத் தாளையும் எடுத்துப் படியுங்கள். சாலைக்கு வெளியே நடப்பதற்குப் பொறுப்பில்லை என்ற வரி பலவற்றில் இருக்கும்.

சாப்பாட்டுக்குப் பெரிதாக எதுவும் வேண்டாம். முதல் நாளுக்குப் புளியோதரையும், பொடி எண்ணெய் தடவிய இட்லியும் கொண்டுபோனால் மணலோடு போராடி அடுப்பு மூட்டவேண்டியதில்லை. கறி சுட்டே ஆகவேண்டும் என்பீர்கள், சரி. விறகைக் கடையில் வாங்கிப் போங்கள். வழியில் நிற்கும் கஃப் மரத்தில் ஒரு சுள்ளிகூட ஒடிக்காதீர்கள். நம் ஊர்ச் சிவன் கோயில்களில் தலமரமாக நிற்கும் வன்னிதான் அது, இந்த நாட்டின் தேசிய மரம். முப்பது மீட்டருக்குக் கீழேகூட வேரை அனுப்பித் தண்ணீர் தேடிக்கொள்ளும் மரம். அதற்குக் கீழே வண்டி நிறுத்திவிட்டு, தொட்டு மட்டும் பாருங்கள்.

நெருப்பை மணல் போட்டு மூடாதீர்கள். கேட்கச் சாதாரணமாக இருக்கும். மணலுக்கு அடியில் கரி மணிக்கணக்கில் கனன்றுகொண்டே இருக்கும், மேலே ஒன்றும் தெரியாது, காலையில் வெறுங்காலோடு ஓடிவரும் பிள்ளை அதில்தான் மிதிக்கும். இரும்புத் தட்டில் நெருப்பு மூட்டி, தண்ணீர் ஊற்றி அணைத்து, கரியை வாளியில் திரும்ப எடுத்து வாருங்கள். பிளாஸ்டிக் பை ஒன்றுகூடப் பறக்க விடாதீர்கள். ஒட்டகங்கள் அதைத் தின்று, வயிற்றில் கல்லாக இறுகி, பசி தெரியாமலே மெலிந்து சாகின்றன. இங்குள்ள கால்நடை மருத்துவர்கள் செத்த ஒட்டகங்களின் வயிற்றிலிருந்து அந்தக் கட்டிகளை எடுத்துக் காட்டியிருக்கிறார்கள்.

ஜனவரி இரவு 10 டிகிரி வரை இறங்கும், பனி கூடாரத் துணியை நனைத்துவிடும். கம்பளியும் தரைக்குக் கெட்டியான விரிப்பும் வேண்டும். காலையில் ஷூவைக் கவிழ்த்துத் தட்டிவிட்டுப் போடுங்கள், தேள் உள்ளே இருக்கலாம். மணலுக்குள் கண் மட்டும் தெரிய புதைந்திருக்கும் கொம்பு விரியனும் உண்டு, குளிர்காலத்தில் அதிகம் நடமாடாது, ஆனாலும் இரவில் டார்ச் இல்லாமல் செருப்பில்லாமல் போகக்கூடாது. கடித்துவிட்டால் கட்டுப்போட வேண்டாம், கீறவும் வேண்டாம். அசையாமல் வைத்து மதினத் சாயித் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள், மெசைராவிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஆம்புலன்ஸுக்கு 998, போலீசுக்கு 999. மேடுகளுக்கு நடுவில் கைபேசி வேலை செய்யாது, எந்த உச்சியில் சிக்னல் கிடைக்கிறது என்பதை முகாம் போட்ட முதல் மணி நேரத்திலேயே கண்டுபிடித்து, அந்த இடத்தின் ஜிபிஎஸ் ஆயங்களை எல்லாருடைய கைபேசியிலும் பதிந்துவிடுங்கள்.

மொரீப் மேட்டைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பீர்கள். மெசைராவிலிருந்து தார்ச்சாலை அதன் அடிவாரம்வரை போகிறது. 300 மீட்டர் உயரம் என்று சொல்கிறார்கள். பாருங்கள், படமெடுங்கள், ஏற முயலாதீர்கள். லிவா திருவிழா அந்தப் பக்கம் டிசம்பர், ஜனவரியில் நடக்கும், அந்த நாட்களில் ஆயிரக்கணக்கில் வண்டிகள் வரும். தேதியைப் பார்த்து அதற்குப் பிறகு போங்கள்.

நீங்கள் கடைசியாகக் கேட்டது, ஆறு வயது மகனைப் பைக்கில் முன்னால் உட்கார வைத்து ஒரு சுற்றுப் போகலாமா என்று. வேண்டாம் தம்பி. மணலில் பைக் விழும், நன்றாக ஓட்டுகிறவர் கையிலும் விழும். அவன் உங்களுக்கும் ஹேண்டிலுக்கும் நடுவில் இருப்பான். உச்சியில் கொடியோடு உட்கார்ந்து பார்த்துச் சொல்லும் வேலையை, பெரியவர் ஒருவரோடு சேர்த்து அவனிடம் கொடுங்கள். என் மகள் ஏழு வயதில் அந்த வேலையைச் செய்தாள். பச்சைக் கொடி ஆட்டினால் வரலாம், சிவப்பென்றால் நில். இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

திரும்பும் நாள் விடியற்காலையில் கிளம்பாதீர்கள். லிவாச் சாலையில் அந்த மாதம் மூடுபனி பத்தடி தூரத்தை மறைத்துவிடும், சரக்கு லாரிகள் வேறு ஓடும். ஒன்பது மணிக்குப் பனி விலகும். அதுவரை தேநீர் குடித்துக்கொண்டு டயர்களில் திரும்பக் காற்று ஏற்றுங்கள்.